இருபத்திரண்டு கற்களைத் தேய்த்த வருடம்

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் வலை கட்டும்போது முட்டிக்கு மேலே திருக்கை முள் ஏறியது. புண் ஆறியது. முட்டி மடங்கவில்லை. முட்டி மடங்காதவன் படகில் நிற்க முடியாது. ஏரியில் என் முறையைத் தம்பி எடுத்துக்கொண்டான். எனக்குப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் வேலை கிடைத்தது. கேட்டைத் திறக்க வேண்டும், கூட்ட வேண்டும், ஆட்டை விரட்ட வேண்டும். கல்லில் ஆணியால் பெயர் எழுத வரும் ஜோடிகளையும் விரட்ட வேண்டும். ஆடு பரவாயில்லை. ஒரு தடவை சொன்னால் போய்விடும்.

கல்லறை வாசலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே ஆளுயரக் கற்கள் படுத்திருக்கும். மேலே எழுத்து, கப்பல், பூ, மண்டையோடு. டச்சு எழுத்து எனக்குத் தெரியாது. எண் தெரியும். நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம், எழுநூற்றுச் சொச்சம் என்று வருடம் வெட்டியிருக்கும். கூட்டும்போது அதைப் படிப்பேன்.

ஒரு மாசி மாதம் அந்தப் பெண் வந்தாள். தோளில் பை, கழுத்துக் கயிற்றில் சின்னதாக ஒரு பூதக்கண்ணாடி.

"அண்ணா, நான் யுனிவர்சிட்டில படிக்கிறேன். உள்ள பார்க்கணும். லெட்டர் இருக்கு."

"போம்மா" என்றேன்.

ஒரு வாரம் வந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, கண்ணாடியைக் கண்ணில் வைத்து, மூக்கு கல்லில் படும் அளவுக்குக் குனிவாள். பிறகு கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளைக் கல்லின் மேல் விரிப்பாள். கல்லில் இருக்கும் கறைகளைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுவாள். வெள்ளைக் கறை, சாம்பல் கறை, மஞ்சள் கறை, கறுப்புக் கறை. ஒன்றை விடமாட்டாள். தாளின் மூலையில் கல்லில் உள்ள வருடத்தை எழுதுவாள். இப்படி இருபத்திரண்டு கல்.

நான் சுத்தம் செய்யாத அழுக்கை ஒருத்தி படம் போட்டு எடுக்கிறாள் என்றால் எதற்கு? எனக்குச் சம்பளம் தரும் தொல்லியல் ஆபீசில் இருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்கிற ஆள் இல்லை.

என் சம்சாரம் அதற்கு எதிர். மார்க்கெட்டில் குடை வைத்து மீன் விற்பவள். அந்தப் பெண் தண்ணீர் குடிக்கக் குடைக்கடியில் உட்கார்ந்தாள். ஒரே நாளில் முழுக்கதையும் வந்துவிட்டது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். மேற்படிப்புக்கு ரெண்டு வருஷம்தான், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது, கல்யாணம்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குள் இந்த ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் இல்லை.

"இன்னா படிக்குதாம்?" என்று கேட்டேன்.

"செடி, காளான், பூச்சி, பொட்டு... உலகத்துல எத்தினி வகை உசுரு கீதுன்னு எண்ணுதாம்."

எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. அந்தக் கற்களில் செடி எங்கே இருக்கிறது? காளான் எங்கே? பொய் சொல்கிறாள். ஆபீஸ் ஆள்தான்.

போகும்போது அந்தப் பெண் சொன்னாள்: "அடுத்த மாசி எங்க சாரோட வருவேண்ணா. இதே கல்லெல்லாம் திருப்பிப் பார்ப்போம். யாரும் கிறுக்காம பாத்துக்குங்க."

"சரிம்மா."

எங்கள் ஆட்களுக்குப் படகின் அடியில் ஒன்று ஒட்டினால் பொறுக்காது. சிப்பி ஒட்டும், பாசி ஒட்டும், ஓட்டம் குறையும். கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டுவோம். சுரண்டாமல் விட்டவனைக் கரையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எனக்குச் சுரண்டப் படகு இல்லை. கல் இருந்தது.

ஆடியில் ஆரம்பித்தேன். இரும்பு பட்டால் கல்லுக்குக் காயம் என்று கொட்டாங்குச்சியால் சுரண்டினேன். பிறகு தேங்காய் நாரும் தண்ணீரும். கால் மடங்காது. அதனால் கல்லின் மேலேயே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு தேய்ப்பேன். ஒரு கல்லுக்கு நாலைந்து நாள் ஆகும். கறை சாமானியத்தில் வராது. வந்த பிறகு அடியில் கல் புதுசாக இருக்கும். நேற்று வெட்டியது போல. மண்டையோட்டுக்குப் பல் தெரியும்.

சம்சாரம் வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது? எவனோ வெள்ளக்காரன் சமாதிய இப்டி தேய்க்கிற. நம்ம வூட்டு அண்டாவ ஒரு நாள் தேச்சிருக்கியா?"

"அதுக்கு ஆபீசர் வரமாட்டான்" என்றேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களுக்கு முறை உண்டு. பாடு என்போம். இந்த இடத்தில் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார். பெரும்பாலும் மனசில்தான் கணக்கு. ஒரு நாள் தப்பினால் சண்டை. அதனால் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே நாள் மறக்காது. அமாவாசை கழித்து இத்தனையாம் நாள், யார் பாடு, எந்த இடம், காற்று எப்படி. நான் ஏரிக்குப் போவதை விட்ட பிறகும் இந்தக் கணக்கு மனசில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. காலையில் கண் விழித்தால் இன்று யார் பாடு என்று வரும். ஒன்றுக்கும் உதவாத கணக்கு. தேய்க்கிற கல்லையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். கல்லுக்கும் பாடு.

தை மாதம் இருபத்திரண்டாவது கல்லை முடித்தேன்.

மாசியில் சொன்னபடி வந்தாள். கூட அவள் சார். தொப்பி போட்டிருந்தார், என் வயசு இருக்கும். நான் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கேட்டின் இரண்டு கதவையும் திறந்து வைத்திருந்தேன்.

அவள் முதல் கல்லுக்குப் போனாள். போன வருடத்துத் தாளை விரித்துக் கல்லின் மேல் வைத்தாள். தாளில் இருந்தது கல்லில் இல்லை. தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அடுத்த கல்லுக்குப் போனாள். மூன்றாவதுக்கு ஓடினாள்.

"யாருண்ணா இதைப் பண்ணது?"

"நான்தான்" என்றேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். "எல்லாமே. இருபத்திரண்டும்."

அவள் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தாளைச் சுருட்டினாள். சுருட்டி முடித்த பிறகும் கை சுருட்டிக்கொண்டே இருந்தது.

சார்தான் சொன்னார். "ஐயா, இந்தப் பொண்ணு பார்க்க வந்ததே அந்தக் கறையைத்தான்."

"கறையையா?"

"அது கறை இல்ல. உயிர். வருஷத்துக்கு ஒரு நூல் அளவுதான் வளரும். கல்லுல வருஷம் வெட்டியிருக்கு இல்லையா, அதை வெச்சு அதோட வயசைக் கணக்குப் போடலாம். போன மாசிக்கும் இந்த மாசிக்கும் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு அளக்க வந்தோம்."

நான் கல்லைப் பார்த்தேன். நூறு வருடம், இருநூறு வருடம் அங்கேயே உட்கார்ந்து நூல் நூலாக வளர்ந்தது. நான் கொட்டாங்குச்சியால் எடுத்திருக்கிறேன். எடுத்ததைக் கூட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

"சரி, வாம்மா. வேற ஏதாவது யோசிப்போம். அடுத்த வருஷம்..." என்றார் சார்.

"அடுத்த வருஷம் இல்ல சார் எனக்கு" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

கேட்டைத் தாண்டும்போது என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "நான் உங்ககிட்ட விளக்கமா சொல்லியிருக்கணும்ணா. என் தப்பு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் சம்சாரம் அந்தக் குறையைத் தீர்த்தாள்.

"ஒரு வார்த்த கேட்டா வாயிலேர்ந்து முத்து கொட்டிடுமா?"

"ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன்."

"கல்ல மோந்து மோந்து பாக்குறவ ஆபீஸ் ஆளாய்யா? ஆபீஸ்காரன் நாற்காலிய வுட்டு எழுந்து நீ பாத்திருக்கியா?"

அவள் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மீன் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்கும் வருதாம் அந்தப் பொண்ணு. சுவத்துல இன்னாச்சும் மிச்சம் மீதி கீதான்னு பாக்க. போய் ஏதாச்சும் பேசு. கல்லு மாரி நிக்காத."

காலையில் அந்தப் பெண் தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் கேட்டைத் திறந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"முதல் கல்லு ஆடி அமாவாசை கழிச்சு மூணா நாள் முடிச்சேன். ரெண்டாவது ஆடிக் கடைசி. அன்னிக்கு என் பங்காளி பாடு. மூணாவது ஆவணி பௌர்ணமிக்கு மொத நாள்."

அவள் நின்றாள்.

"நாலாவது..." என்றேன்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்ணா." பையில் இருந்து நோட்டை எடுத்தாள். "எல்லாக் கல்லுக்கும் நாள் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாத்துக்கும்?"

"பாடு மறக்காதும்மா எங்களுக்கு."

இருபத்திரண்டையும் சொன்னேன். அவள் எழுதினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. முடிந்ததும் அவள் முதல் கல்லுக்கு ஓடினாள். கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கடைசிக் கல்லுக்கு ஓடினாள். திரும்ப முதல் கல். பிறகு போனை எடுத்தாள்.

"சார், நீங்க திரும்பி வரணும். ஆடியில கழுவின கல்லுல பச்சை ஏறியிருக்கு. தையில கழுவினதுல ஒண்ணுமே இல்ல. நடுவுல இருக்கிறது நடுவுல இருக்கு. அண்ணா நாள் வெச்சிருக்கார் சார்."

சார் மத்தியானம் வந்தார். கேட்டார். தலையை ஆட்டினார்.

"ஞாபகத்தை வெச்சு ஆராய்ச்சி எழுத முடியாதும்மா. ஆதாரம் வேணும்."

அவர் சொல்வது நியாயம். முறைக் கணக்கில் நாங்களும் ஒருவன் சொல்வதை மட்டும் ஏற்கமாட்டோம்.

"எதாச்சும் ஒரு கல்லக் கேளுங்க சார்" என்றேன்.

"பதிமூணு."

"ஐப்பசி அமாவாசை கழிச்சு நாலா நாள். என் தம்பி பாடு. பாதி தேய்க்கும்போது மழை புடிச்சிக்கிச்சு. விடவே இல்ல. கப்பல் போட்ட பக்கம் அன்னிக்கு முடிஞ்சுது. எழுத்துப் பக்கம் கார்த்திகை பௌர்ணமிக்குத்தான்."

சார் எழுதிக்கொண்டார். நேராக மார்க்கெட்டுக்குப் போனார். அந்தப் பெண்ணும் நானும் பின்னால் போனோம். என்னைப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ஏம்மா, ஐப்பசி அமாவாசை கழிச்சு நாலாவது நாள் ஏரியில யார் பாடு?"

சம்சாரம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மீனு வாங்க வந்தியா, பாடு வாங்க வந்தியா சார்?"

"சும்மா சொல்லுங்கம்மா."

"என் கொழுந்தனாரு பாடு. அன்னிக்குத்தான் அட மழ புடிச்சுது. மணல்ல கருவாடு காயப் போட்டிருந்தேன். ஒருத்தி எவ்ளோ அள்ளுவேன்? இந்த ஆளக் கூப்ட்டா வரல. கல்லத் தேய்க்கிறேன்னு மழையில உக்காந்துகினு கீறாரு. முழுக் கருவாடும் போச்சு. அத மறப்பனா நான்?"

சார் கல்லறைக்குத் திரும்பி நடந்தார். பதிமூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு அந்தப் பெண்ணின் கண்ணாடியை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

நான் மண்டி போட முடியாது. வழக்கம் போலக் கல்லின் மேல் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். கப்பல் பக்கம் மெல்லிசாகப் பச்சை, வெல்வெட் துணி போல. எழுத்துப் பக்கம் வெறும் கல். நடுவில் கோடு. மழை வலுத்து நான் விட்டு எழுந்த இடம்.

"ஆதாரம் கிடைச்சுது" என்றார் சார்.

ஆராய்ச்சியின் தலைப்பை மாற்றினார்கள். கழுவிய கல்லுக்கு எந்த உயிர் முதலில் வருகிறது, அடுத்து எது, அதற்கு அடுத்து எது. எந்தக் கல்லை எந்த நாளில் கழுவினார்கள் என்று தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியுமாம். இங்கே நாள் தெரிந்தது. வைகாசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வாரம் நாலு நாள் அவள் பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

அந்த மூன்று மாதத்தை நான் நல்ல மாதங்களில் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவையாவது கண்ணாடியை என்னிடம் நீட்டுவாள். "பாருங்கண்ணா." பார்ப்பேன். கடுகில் பாதி இருக்கும் நத்தை ஒன்று பச்சையை மேய்ந்துகொண்டு போகும், மாடு மாதிரி. அது போன வழி கோடாகத் தெரியும். தூசு என்று நான் ஊதிவிட்டிருப்பேன், அது குதிக்கும். செங்கல் வெடிப்பில் நகம் அளவு இலை விட்ட செடி. அது பூக்காத சாதியாம். நெருப்பு நிறத்தில் ஒரு பூச்சி, முள்முனை அளவு, எப்போதும் அவசரத்தில் இருக்கும். ஐம்பது வருடம் இந்த ஊரில் இருந்தவன் நான். ஏரியில் எந்த மீன் எங்கே என்று தெரியும். காலடியில் இவ்வளவு பேர் குடியிருந்தது தெரியாது.

அந்தக் கறைக்குப் பெயர் கேட்டதும் சம்சாரம்தான். குடைக்கடியில் சாப்பிடும்போது.

"கல்பாசின்னு வெச்சுக்குங்கக்கா. பிரியாணிக்குப் போடுறீங்களே, அதுக்குச் சொந்தக்காரங்க."

"அட, பாய் கடைல கேட்டா கிள்ளிக் குடுப்பாரே, அதுவா? அத்தயா இந்த மனுசன் குப்பைல கொட்டினாரு?"

"இது திங்கிற வகை இல்லக்கா. இது செடியே இல்ல. பூஞ்சை ஒண்ணு, பாசி ஒண்ணு, ரெண்டும் சேர்ந்து குடித்தனம் பண்ணுது. பூஞ்சை வீடு கட்டும். பாசி சமைக்கும்."

"வெய்யில்லயும் மழையிலயும் சமைக்கிறது ஒரு ஆளு. அங்கயும் அப்டித்தானா?" என்று என்னைப் பார்த்தாள்.

"வீடு கட்றது யாரு?" என்றேன்.

"பாத்தியாம்மா, பேசக் கத்துகினு வந்துட்டாரு."

சித்திரையில் ஒரு நாள் அந்தப் பெண் கத்தினாள். பாம்போ என்று கம்பை எடுத்துக்கொண்டு போனேன். ஏழாவது கல்லின் மேல் படுத்திருந்தாள். மண்டையோட்டின் கண் குழிக்குள் கண்ணாடியை வைத்திருந்தாள்.

"இங்க இருக்குண்ணா. பழசு. தப்பிச்சிருக்கு."

என் கொட்டாங்குச்சி குழிக்குள் போகவில்லை. நார் போகவில்லை. பழைய மஞ்சள் ஒரு பொட்டு அளவு உள்ளேயே இருந்தது. எழுத்தின் பள்ளங்களிலும் பார்த்தோம். இங்கே ஒரு துளி, அங்கே ஒரு துளி. டச்சுக்காரன் ஆழமாக வெட்டியிருந்தான். அன்று நான் கேட்டுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தூசு என்று சம்சாரத்திடம் சொன்னேன்.

அந்தப் பெண் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். 'கழுவினவர் தந்த தேதிகளை வைத்து' என்று மட்டும்தான் எழுதினாளாம். சார் அதைப் படித்துக் காட்டினார். தேதி என்று அவர் சொன்னது பாடு.

வைகாசியில் அவளுக்குக் கேள்வி கேட்கும் நாள் வந்தது. நாலு பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்களாம். அன்று எனக்குக் கூட்டும் வேலை ஓடவில்லை. சம்சாரம் மத்தியானமே மீனை மூடி வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறைக்கு வந்துவிட்டாள். ஏழாவது கல்லுக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்தோம். அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

போன் வந்தது. அந்தப் பெண்ணின் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"அக்கா, பாஸ்! முடிஞ்சிருச்சு. அப்பா வாசல்ல ஆட்டோவோட நிக்கிறார், எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கார். அண்ணா எங்க? அண்ணாகிட்ட குடுங்க."

சம்சாரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை என் காதில் வைத்தாள்.

"அண்ணா, ரொம்ப நன்றிண்ணா."

நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்.

"எதாச்சும் பேசுய்யா, கொயந்த காத்துகினு கீது" என்று சம்சாரம் முழங்கையால் இடித்தாள்.

எனக்கு எதிரில் மண்டையோடு இருந்தது. கண் குழியின் விளிம்பைப் பார்த்தேன்.

"ஏம்மா" என்றேன். "குழிக்குள்ள இருக்குற மஞ்சள் விளிம்புக்கு ஏறி வருதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா? வெளிய வர எத்தினி வருஷம் ஆகும்? மழ நாள்ல நான் ஏதாச்சும் பண்ணணுமா, இல்ல சும்மா வுட்டுடணுமா?"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கேட்டில் ஆடு நுழைந்தது. சம்சாரம் எழுந்து விரட்டப் போனாள்.